ரோல்பேக் பட்டன் இல்லாத இடங்கள்

டிசைன் ரிவ்யூவுக்கு யார் எதைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது சரிப்படவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? "பத்து நிமிஷம்" என்று பதில் வந்தால் மேற்கொண்டு அதிகம் பேச மாட்டேன். செய்து பாருங்கள் என்று விட்டுவிடுவேன். "தெரியல" என்றோ "திரும்ப முடியாது" என்றோ வந்தால் அன்றைய மீதிப் பொழுது முழுக்க அதற்குத்தான்.

பெரிய நிறுவனங்களுக்கான பில்லிங், கணக்குத் தீர்வு, ஆர்டர் நிர்வாகம் போன்ற அப்ளிகேஷன்களின் பேக்எண்ட் டீம்களை வழிநடத்துவது என் வேலை. கோட் எழுத ஜாவா, டேட்டாவைச் சேமிக்க போஸ்ட்கிரெஸ், சிஸ்டங்களுக்கிடையே மெசேஜ் கடத்த காஃப்கா என்று பலருக்கும் பழக்கமான கூட்டணிதான். இந்த மாதிரி சிஸ்டங்களில் கோட் என்பது மலிவான பொருள். அது தப்பாகப் போனால் முந்தைய வெர்ஷனை டிப்ளாய் செய்துவிடலாம், அதாவது சர்வரில் ஏற்றிவிடலாம். ஆனால் தப்பான வடிவத்தில் மாதக்கணக்கில் சேர்ந்துவிட்ட டேட்டா, வெளியே பல டீம்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட ஏபிஐ (மற்ற சிஸ்டங்கள் நம் சிஸ்டத்தைக் கூப்பிடும் வாசல்), அனுப்பியாகிவிட்ட பணம், வாடிக்கையாளர் கையில் போய்ச் சேர்ந்துவிட்ட இன்வாய்ஸ் ஆகியவற்றுக்கு ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திரும்பும் வழி, கிடையாது. லீடாக இருப்பவரின் நேரம் இந்த நான்கு இடங்களில்தான் செலவாக வேண்டும் என்பது என் கட்சி. மற்றதை டீம் பார்த்துக்கொள்ளும். லூப்பா ஸ்ட்ரீமா, எந்த லைப்ரரி, ஃபைலுக்கு என்ன பெயர் என்பதிலெல்லாம் மூக்கை நுழைக்கும் லீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ரிவ்யூவில் நாற்பது கமெண்ட் இருக்கும். பிரைமரி கீ (டேபிளின் ஒவ்வொரு வரிக்கும் உள்ள அடையாள எண்) என்ன டைப் என்று ஒரு கமெண்ட்கூட இருக்காது.

பிரைமரி கீயைச் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. 32-பிட் இன்டிஜரின் உச்ச எண் 2,147,483,647. ஒரு டேபிளுக்கு 200 கோடி வரிகள் எங்கே வரப்போகிறது என்று தொடக்கத்தில் தோன்றும். ஆனால் வரியைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளை தோற்றுப்போனாலும், ஐடி எண்களை வழங்கும் சீக்வன்ஸில் ஒரு எண்ணை விழுங்கிவிடும். ஆடிட் டேபிள், ஈவென்ட் டேபிள் போன்றவை நினைத்ததைவிட வேகமாக வளரும். அந்த எண்ணைத் தொடும் நாளில் இன்சர்ட் எல்லாம் நின்றுபோகும். அப்போது டைப்பை மாற்றப் போனால் டேபிள் முழுக்கத் திரும்ப எழுதப்படும். அதைச் சுட்டும் ஃபாரின் கீக்கள், ஜாவா கிளாஸ்களில் உள்ள இன்ட் ஃபீல்டுகள், நம் ஐடியைத் தன் டேபிளில் வாங்கி வைத்திருக்கும் பக்கத்து டீம் என்று வால் நீண்டுகொண்டே போகும். தொடக்கத்திலேயே பிக்இன்ட் (64-பிட் இன்டிஜர்) என்று எழுத ஆகும் செலவு ஒரு வார்த்தை. நான் பொறுப்பேற்கும் எந்த சிஸ்டத்திலும் முதல் வாரமே, எல்லா டேபிளிலும் இன்றைய உச்ச ஐடி எல்லையில் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஒரு க்வெரியை எழுதி மானிட்டரிங்கில் போட்டுவிடுவேன்.

டேபிளைத் தொடும்போது

எங்கள் டீமில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் எரிச்சல் தருவது ஸ்கீமாவை, அதாவது டேபிள்களின் அமைப்பை, மாற்றும் நடைமுறைதான். ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றவே மூன்று ரிலீஸ் ஆகும். புதிதாக வந்த ஒருவர் நேராகவே கேட்டார்.

"ஒரே ரிலீஸ்ல முடிச்சிடலாமே, ஏன் இவ்வளவு இழுக்கணும்?"

"டிப்ளாய் நடக்கும்போது பழைய கோடும் புதுக் கோடும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓடும் இல்லையா? அந்த நேரத்துல பழைய கோட் எந்தப் பேரைத் தேடும்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரோல்பேக் பண்ணினாலும் இதே கதைதானா?" என்றார்.

அதேதான். ஒரே ரிலீஸில் பெயரை மாற்றினால் கோடைப் பின்னால் எடுக்கும் வழியும் சேர்ந்து அடைபட்டுவிடும். ஆகவே முதல் ரிலீஸில் புதிய நெடுவரிசையைக் காலியாக இருக்கலாம் என்ற அனுமதியோடு சேர்க்கிறோம். கோட் இரண்டிலும் எழுதும், பழையதிலிருந்தே படிக்கும். பழைய வரிகளை நிரப்பும் வேலை பின்னணியில் சிறு சிறு தொகுதிகளாக ஓடும். ஒரே அப்டேட்டில் கோடிக்கணக்கான வரிகளை மாற்றினால் டேட்டாபேஸின் நகலான ரெப்ளிகா பின்தங்கும், பயனற்ற பழைய வரிகளைத் துடைக்கும் வேக்யூம் வேலை செய்ய முடியாமல் டேபிள் வீங்கும், பாதியில் நின்றால் அத்தனையும் வீண். நிரம்பியதும் இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடு பூஜ்யம் என்று உறுதி செய்த பிறகு, இரண்டாவது ரிலீஸில் படிப்பதைப் புதியதற்கு மாற்றுகிறோம். எழுதுவது இரண்டிலும் தொடரும். இங்கே அவசரப்படக் கூடாது. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் பேட்ச் ஜாப் ஒன்று எங்காவது பழைய நெடுவரிசையைப் படித்துக்கொண்டிருக்கும். ஒரு மாதக் கடைசி கடந்தால்தான் அது தெரியவரும். மூன்றாவது ரிலீஸில் பழையதில் எழுதுவதை நிறுத்துகிறோம். அது நிலைபெற்ற பிறகு தனி மைக்ரேஷனாக (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டாக) அதை நீக்குகிறோம்.

போஸ்ட்கிரெஸில் இன்னொரு பொறி, பூட்டுகளின் வரிசை. ஒரு நெடுவரிசையைச் சேர்க்கும் கட்டளை மில்லிசெகண்டில் முடியக்கூடியதுதான். ஆனால் அதற்கு டேபிளின் மேல் முழுப் பூட்டு வேண்டும். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவருடைய நீண்ட ரிப்போர்ட் க்வெரி அதே டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால் நம் கட்டளை காத்திருக்கும். காத்திருக்கும் அதன் பின்னால், அதன் பிறகு வரும் சாதாரண செலக்ட் க்வெரிகளும் வரிசையில் நிற்கத் தொடங்கும். சோதனைக்கான ஸ்டேஜிங் சிஸ்டத்தில் இதை வேண்டுமென்றே செய்து காட்டுவது எங்கள் பயிற்சியில் ஒரு பகுதி. ஒரு ஜன்னலில் நீண்ட க்வெரி, இன்னொன்றில் ஆல்டர் டேபிள், மூன்றாவதில் ஒரே ஒரு வரியைக் கேட்கும் செலக்ட். மூன்றாவது உறைந்து நிற்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் அதன்பின் மைக்ரேஷன் எழுதும்போது பூட்டுக்கான டைம்அவுட்டை மறப்பதில்லை. சில செகண்ட் காத்திரு, கிடைக்காவிட்டால் விலகிவிடு, பிறகு மறுபடி முயற்சி செய்.

எந்த வெர்ஷன் என்பதும் கணக்கில் வரும். 2018-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 11 முதல், மாறாத டீஃபால்ட் மதிப்போடு நெடுவரிசை சேர்த்தால் டேபிள் திரும்ப எழுதப்படுவதில்லை. அதற்கு முன்பு எழுதப்பட்டது. இன்றும் ஒவ்வொரு வரிக்கும் புதிதாகக் கணக்கிட வேண்டிய ரேண்டம் மதிப்பு டீஃபால்ட்டாக இருந்தால் எழுதப்படும். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸை, டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல் இருக்க, கன்கரண்ட்லி என்ற சொல்லோடுதான் உருவாக்குகிறோம். அது பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று பின்னால் தங்கிவிடும். அது க்வெரிக்கு உதவாது, ஆனால் டேபிளில் எழுதும் ஒவ்வொரு முறையும் செலவு வைக்கும். அப்படிப்பட்டவற்றைத் தேடி நீக்குவதும் மைக்ரேஷன் செக்லிஸ்ட்டில் இருக்கிறது.

பணமும் தேதியும் தனியாகப் பேச வேண்டியவை. பணத்தை ஃப்ளோட்டில் (தசமங்களைத் தோராயமாக வைக்கும் டைப்பில்) வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தசம இலக்கம் எப்போதும் இரண்டு அல்ல என்பது எல்லோருக்கும் தெரிவதில்லை. ஐஎஸ்ஓ 4217 பட்டியலில் ஜப்பானிய யென்னுக்கு உட்பிரிவு இலக்கம் பூஜ்யம், குவைத் தினாருக்கு மூன்று. 100-ஆல் வகுத்துக் காட்டு என்று கோடில் பத்து இடத்தில் எழுதிவிட்டால், புதிய கரன்சி வரும் நாளில் பத்தையும் தேட வேண்டும். அதைவிடச் சிக்கலானது ரவுண்டிங். இன்வாய்ஸின் ஒவ்வொரு லைனிலும் டாக்ஸைக் கணக்கிட்டு ரவுண்ட் செய்து கூட்டினால் ஒரு தொகை. கூட்டிவிட்டு ஒருமுறை ரவுண்ட் செய்தால் வேறு தொகை. கோட் என்ற அளவில் இரண்டும் சரி. எது வேண்டும் என்பதைக் கணக்குத் துறையில் இருப்பவர் சொல்ல வேண்டும், அவர் சொன்னது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு டெவலப்பர் மதிய நேரத்தில் தன் போக்கில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. கடைசி இலக்கத்தில் ஒன்று குறைந்தாலும் மாதக் கணக்கு டேலி ஆகாது. ஆயிரக்கணக்கான இன்வாய்ஸ் போன பிறகு அதைத் திருத்துவது என்பது கிரெடிட் நோட் அனுப்பும் வேலை.

தேதியில் "எல்லாவற்றையும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வை" என்ற அறிவுரை பாதிதான் உண்மை. நடந்து முடிந்த நிகழ்வுக்கு அது சரி. ஒப்பந்தம் முடியும் நாள் என்பது ஒரு நாள். அது கணம் அல்ல. அதை நள்ளிரவு டைம்ஸ்டாம்ப்பாக வைத்தால் வேறு டைம்ஸோனில் பார்ப்பவருக்கு முந்தைய நாளாகத் தெரியும். எதிர்காலத்தில் உள்ளூர் நேரப்படி நடக்க வேண்டியதை யுடிசிக்கு மாற்றி வைத்தால், இடையில் அந்த நாடு தன் கடிகார விதியை மாற்றும்போது நேரம் தவறும். உள்ளூர் நேரத்தையும் டைம்ஸோன் பெயரையும் சேர்த்து வைப்பதுதான் வழி.

வெளியே கொடுத்த வாக்கு

ஏபிஐ டாக்குமென்ட்டில் எழுதியிருப்பது மட்டுமே நாம் கொடுத்த வாக்கு என்று நினைப்பது இயல்பு. கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரால் வழங்கும் விதி ஒன்று இதை மறுக்கிறது. பயனர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார் என்கிறது அது. ஜேசானில் ஃபீல்டுகள் வரும் வரிசை, லிஸ்ட் தற்செயலாக ஐடி வரிசையில் வருவது, எர்ரர் மெசேஜின் வாசகம் எல்லாமே இதில் அடக்கம். ஒருமுறை எங்கள் டீமில் ஒருவர் எர்ரர் மெசேஜ் ஒன்றில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தினார். நல்ல காரியம்தான். அந்தப் பிழையான வார்த்தையைத் தேடித்தான் ரீட்ரை (மறுமுயற்சி) செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தது ஒரு பார்ட்னரின் சிஸ்டம். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. நாங்கள் அதற்கென்று தனி எர்ரர் கோட் எதுவும் கொடுத்திருக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு பிழைக்கும் மாறாத ஒரு கோட் உண்டு. வாசகம் மனிதருக்கு மட்டும் என்று டாக்குமென்ட்டின் முதல் பக்கத்திலேயே சொல்கிறோம். எந்த கிளையன்ட் ஏபிஐயின் எந்த எண்ட்பாயிண்ட்டை (முகவரியை) எப்போது கடைசியாகக் கூப்பிட்டது என்பதை எப்போதும் பதிகிறோம். இந்தப் பதிவு இல்லாமல் பழைய ஏபிஐயை நிறுத்துவது பற்றிப் பேசவே முடியாது. "யாரும் யூஸ் பண்ணல" என்று மீட்டிங்கில் சொல்வதற்கும் லாக்கில் இருப்பதற்கும் உள்ள இடைவெளி பெரிது.

பழைய ஏபிஐயை நிறுத்தும் தேதியை எச்டிடிபி ஹெடரில் (பதிலோடு கூடவே போகும் குறிப்பில்) சொல்ல சன்செட் என்ற முறை 2019-இல் ஆர்எஃப்சி 8594 என்ற இணைய ஆவணம் வழியாக வந்தது. போடுகிறோம். ஆனால் ஹெடரை யார் படிக்கிறார்கள்? மின்னஞ்சலுக்கும் அதே கதி. அதைப் பெற வேண்டியவர் வேலை மாறிப் போயிருப்பார். பலன் தருவது வேறு. முன்கூட்டியே அறிவித்துவிட்டு, பணி நேரத்தில் பழைய எண்ட்பாயிண்ட்டை 15 நிமிஷம் நிறுத்திவிட்டுத் திரும்பத் திறப்பது. இதுவரை எந்த மின்னஞ்சலுக்கும் பதில் எழுதாதவர்கள் அந்த 15 நிமிஷத்தில் போன் செய்வார்கள். அவர்கள் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம். அடுத்த முறை ஒரு மணி நேரம். இறுதி நாளில் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது. இருந்தாலும், திரும்பத் திறக்கும் வசதி அதுவரை நம் கையில் இருக்கிறது.

ஒன்று நின்றால் இன்னொன்று

பெரிய சிஸ்டத்தில் கோளாறு வருவது புதிதல்ல. சின்னக் கோளாறு பெரிய கோளாறாக வளர்வதுதான் டிசைனின் குற்றம். நான் பார்த்த வரையில் அப்படி வளர்வதற்கு ரீட்ரைதான் முதல் காரணம். கேட்வே மூன்று முறை முயலும். அதன் பின்னால் உள்ள சர்வீஸ் மூன்று முறை. அதற்கும் கீழே கிளையன்ட் லைப்ரரி தன் பங்குக்கு மூன்று முறை. பயனர் ஒருமுறை அழுத்தியது, ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை 27 முறை தட்டும். ரீட்ரை ஒரே அடுக்கில் மட்டும் இருக்கட்டும். இடைவெளி முறைக்கு முறை கூடட்டும், அதில் கொஞ்சம் ரேண்டமும் கலக்கட்டும். இல்லையென்றால் எல்லா கிளையன்ட்டும் ஒரே கணத்தில் மறுபடி வந்து மோதும்.

ரீட்ரை இருக்கும் இடத்தில் ஒரே வேலை இருமுறை நடக்கும் வாய்ப்பும் இருக்கிறது. டைம்அவுட் என்பதற்குப் பொருள் "நடக்கவில்லை" அல்ல, "நடந்ததா என்று எனக்குத் தெரியாது". பணம் அனுப்பும் கோரிக்கையில் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் இரண்டு முறை பணம் போகும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அனுப்புபவரே ஒரு தனிச் சாவியைக் கொடுக்க வேண்டும். நாம் அதை யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டோடு (ஒரே மதிப்பை இருமுறை ஏற்காத டேட்டாபேஸ் விதியோடு) சேமித்து, அதே சாவி மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். "முதலில் தேடிப் பார்த்து, இல்லையென்றால் இன்சர்ட்" என்று கோடில் எழுதினால் போதாது. இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்று பார்க்கும். டேட்டாபேஸின் கன்ஸ்ட்ரெய்ன்ட்தான் காவல். அதே சாவியோடு வேறு தொகை வந்தால்? அது பிழை, பழைய பதிலைக் கொடுத்து மூடி மறைக்கக் கூடாது. இந்தக் கேள்வியை இன்டர்வியூவிலும் கேட்கிறேன். பதிலைவிட, "அப்ப முதல் கோரிக்கை இன்னும் முடியவே இல்லைன்னா என்ன பண்றது?" என்று திருப்பிக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

டேட்டாபேஸில் எழுதிவிட்டு காஃப்காவுக்கு மெசேஜ் அனுப்பும் கோடும் இதே குடும்பம். இரண்டுக்கும் நடுவில் ப்ராசஸ் செத்துப்போனால் ஆர்டர் இருக்கும், மெசேஜ் இருக்காது. மெசேஜையும், எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற அதே ட்ரான்ஸாக்‌ஷனில் ஒரு அவுட்பாக்ஸ் டேபிளில் எழுதிவிட்டு, தனி ப்ராசஸ் ஒன்று அங்கிருந்து எடுத்து அனுப்புவதே எங்கள் வழி. மெசேஜ் சில சமயம் இருமுறை போகும். ஆகவே வாங்குபவர் பக்கமும் தனிச் சாவி வேண்டும். காஃப்காவில் வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் (பிரிவுக்குள்) மட்டுமே காக்கப்படும், ஒரே கீ உள்ளவை ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும் என்பதால், ஆர்டர் எண்ணையே கீயாக வைக்கிறோம்.

கனெக்‌ஷன் பூலில் (டேட்டாபேஸுக்குத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பில்) எளிய கணக்கு ஒன்று எனக்குப் பல இரவுகளைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய சமன்பாடு அது: ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை, வரும் வேகத்தை ஒவ்வொன்றும் எடுக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. செகண்டுக்கு 200 கோரிக்கை, ஒவ்வொன்றும் கனெக்‌ஷனை 0.05 செகண்ட் வைத்திருந்தால் 10 கனெக்‌ஷன் போதும். ட்ரான்ஸாக்‌ஷனுக்குள்ளேயே வெளி சர்வீஸ் ஒன்றைக் கூப்பிட்டு, அது 2 செகண்ட் எடுத்துக்கொண்டால் 400 வேண்டும். ஜாவாவில் இதற்குப் பயன்படும் ஹிகாரி பூலின் டீஃபால்ட் அளவு 10. போஸ்ட்கிரெஸ் ஏற்கும் கனெக்‌ஷனின் டீஃபால்ட் உச்சம் 100. பூலைப் பெரிதாக்குவதால் இது தீராது. ட்ரான்ஸாக்‌ஷன் திறந்திருக்கும்போது நெட்வொர்க் அழைப்பு கூடாது என்பதை எங்கள் டீமில் விதியாகவே வைத்திருக்கிறோம். மீறினால் டெஸ்ட் தோற்கும்படி ஒரு சிறு இன்டர்செப்டரும் எழுதி வைத்திருக்கிறோம். சர்வர் எண்ணிக்கையைக் கூட்டும்போதும் பூல் அளவைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். லோட் தாங்க அப்ளிகேஷனின் 40 இன்ஸ்டன்ஸ் (பிரதிகள்) போட்டால் டேட்டாபேஸில் 400 கனெக்‌ஷன் போய் நிற்கும்.

அப்ளிகேஷனைப் பல சிறு சர்வீஸ்களாகப் பிரிக்கலாமா என்ற மைக்ரோசர்வீஸ் விவாதத்தையும் இதே போன்ற பெருக்கல் சுருக்கிவிடும். 99.9 சதவீதம் இயங்கும் சர்வீஸ் மாதத்தில் சுமார் 43 நிமிஷம் நிற்கலாம். ஒரு கோரிக்கைக்கு அப்படிப்பட்ட ஐந்து சர்வீஸ்கள் அடுத்தடுத்து தேவைப்பட்டால் மொத்தம் 99.5 சதவீதம், மாதத்தில் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். பிரிப்பதால் வேறு என்ன கிடைக்கிறது என்று அதற்குப் பிறகு பேசலாம். தனித்தனி டீம்கள், தனித்தனி ரிலீஸ் வேகம் இருந்தால் கிடைக்கும். மெல்வின் கான்வே 1968-இல் சொன்னது போல, ஒரு நிறுவனம் செய்யும் டிசைன் அந்த நிறுவனத்தின் பேச்சுத்தொடர்புகளின் வடிவத்தையே எடுக்கிறது. ஒரே டீம் இருபது சர்வீஸ்களை வைத்துக்கொண்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் ரிலீஸ் செய்வதில் எந்த லாபமும் எனக்குத் தெரியவில்லை. ஒரே அப்ளிகேஷனுக்குள் மாட்யூல்களைப் பிரித்து, ஒரு மாட்யூலின் டேபிளை இன்னொன்று நேரடியாகத் தொடக் கூடாது என்பதைப் பில்டிலேயே சோதித்தால் போதும். பிறகு எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். வெளியே எடுத்ததைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது, தொடக்கத்தில் சொன்ன, ரோல்பேக் இல்லாதவற்றின் பட்டியலில் சேர்ந்துவிடும்.

ஃப்ளாக், பேக்கப், லைப்ரரி

நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததை எங்கள் டீமில் எல்லோரும் படித்திருப்பார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோட் போகவில்லை. புதிய வசதிக்குப் பயன்படுத்திய ஃப்ளாக் (ஒரு வசதியை இயக்கும் அல்லது நிறுத்தும் சுவிட்ச்), பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய கோடுக்கு உரியது. அந்த ஒரு சர்வரில் பழைய கோட் உயிர்பெற்று ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிஷத்தில் 40 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டவை எளியவை. ஃப்ளாகின் பெயரை மறுபடி பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு ஃப்ளாகுக்கும் உரிமையாளரும் காலாவதித் தேதியும் உண்டு. தேதி தாண்டினால் பில்ட் தோற்கும். எல்லா இன்ஸ்டன்ஸும் ஒரே வெர்ஷனைத்தான் ஓட்டுகின்றனவா என்று டிப்ளாய் முடிவில் மெஷின் சரிபார்க்கும்.

பேக்கப் விஷயத்தில், கோடைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேப் 2017 ஜனவரி 31 அன்று பட்டதை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். தவறான சர்வரில் டேட்டா டைரக்டரி அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடினால், டேட்டாபேஸ் வெர்ஷனும் பேக்கப் கருவியின் வெர்ஷனும் பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேர டேட்டா போயிற்று. இதைப் படித்துவிட்டு "நம்ம பேக்கப் ஓடுதா?" என்று கேட்பது போதாது. "கடைசியா எப்ப ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தோம், எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்க வேண்டும். எங்கள் டீமில் ரீஸ்டோர் செய்து பார்ப்பவர் அதற்கான ரன்புக்கை (படிப்படியான செய்முறைக் குறிப்பை) எழுதியவராக இருக்கக் கூடாது. எழுதியவருக்கு, எழுதாமல் விட்ட படிகள் மனதிலேயே இருக்கும்.

லைப்ரரி பற்றிச் சுருக்கமாக: 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஒட்டுப் போடுவதைவிட அது எந்தெந்த அப்ளிகேஷனில் எந்த லைப்ரரிக்குள் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே எல்லோருக்கும் அதிக நேரம் பிடித்தது. ஒவ்வொரு பில்டும் தான் சார்ந்திருக்கும் எல்லா லைப்ரரிகளின் பட்டியலைத் தேடக்கூடிய ஓர் இடத்தில் விட்டுவிட்டுப் போகட்டும். அப்டேட்டுகளைச் சிறிது சிறிதாக அடிக்கடி செய்தால் வலி குறைவு.

ஆட்களோடு

டிசைன் முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி கோடோடு சேர்த்தே வைக்கிறோம். மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த வடிவம்தான்: சூழல், முடிவு, விளைவு. நாங்கள் சேர்த்துக்கொண்டது, நிராகரித்த வழிகளும் அதற்கான காரணமும். பிறகு வருபவர் அதே யோசனையோடு வரும்போது, "அதெல்லாம் பார்த்தாச்சு" என்று வாயடைக்க வேண்டியதில்லை. அன்று நிராகரித்த காரணம் இன்றும் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம். பல முறை அது இருப்பதில்லை.

பிசினஸ் தரப்பிடம் "டெக்னிக்கல் டெப்ட்" (அவசரத்தில் விட்டுவைத்த டிசைன் குறைகளின் சுமை) என்ற சொல்லை நான் எடுப்பதில்லை. அவர்கள் தலையாட்டுவார்கள், நேரம் தர மாட்டார்கள். "போன காலாண்டில் நீங்கள் கேட்ட விலை மாற்றம் மூன்றுமே இந்த ஒரு மாட்யூலில் சிக்கித்தான் தாமதமானது, இதைப் பிரித்தால் அடுத்த மாற்றம் நாட்களில் முடியும்" என்று டிக்கெட் எண்களோடு போனால் கேட்கிறார்கள். அதிலும் முழுவதையும் திரும்ப எழுத நான் கேட்பதில்லை. பழையதின் முன்னால் ஒரு அடுக்கை வைத்து, ஒவ்வொரு வழியாகப் புதியதற்குத் திருப்பி, கொஞ்ச காலம் இரண்டு பதில்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மெதுவான வேலைதான். ஆனால் எந்த நாளில் பணம் நின்றாலும் அதுவரை செய்தது பயன்பாட்டில் இருக்கும்.

ஆன்-கால் சுழற்சியில், அதாவது கோளாறு வந்தால் எந்நேரமும் பார்க்கும் முறையில், லீடும் இருக்க வேண்டும். இரவில் எழுப்பும் அலர்ட் எத்தனை, அவற்றில் எழுந்து எதுவும் செய்யாமலே சரியானவை எத்தனை என்பது, மாத ரிப்போர்ட்டில் படிக்கும்போது வெறும் எண். அரைத் தூக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தவருக்குத்தான் எந்த அலர்ட்டை நீக்க வேண்டும் என்று உடனே தெரியும். சம்பவம் முடிந்ததும் எழுதும் அறிக்கையில் ஆள் பெயர் வராது. "ஏன் இதைச் செய்தார்?" என்பதற்குப் பதில், "அந்த நேரத்தில் அவருக்குத் திரையில் என்ன தெரிந்தது?" என்று கேட்கிறோம். பெரும்பாலும் அவர் பார்த்த டாஷ்போர்டோ ரன்புக்கோதான் தவறாக வழிகாட்டியிருக்கும், அதைத் திருத்தலாம். ஜூனியர்களைச் சம்பவத்தை நடத்தும் இடத்தில் உட்காரவைத்து, சீனியர் ஒருவரைப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்வோம். இரண்டாவது வேலைதான் கடினமானது.

எதெல்லாம் என்னை நம்பி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த நல்ல கருவி லீவு. இரண்டு வாரம் போன் எடுக்காமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, எனக்காகக் காத்திருந்த ரிவ்யூக்களையும் கேள்விகளையும் வரிசையாகப் பார்ப்பேன். திரும்ப முடியாத முடிவு என்பதால் காத்திருந்தவை சில. அது சரி, ஆனால் அடுத்த முறை அவற்றை முடிவு செய்ய இன்னொருவரும் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வேன். என் பெயர் ரிவ்யூவர் பட்டியலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் காத்திருந்தவைதான் அதிகம். அவை தொடும் கோட் ஃபோல்டர்களின் ரிவ்யூவர் பட்டியலிலிருந்து அன்றே என் பெயரை எடுத்துவிட்டு, அதில் அதிகம் வேலை செய்பவரின் பெயரைப் போட்டுவிடுவேன்.